பழைய ஜீப் வாங்கப் போன கதை

பிரெஞ்சு மொழியில் ‘ஒக்காசியோன்’ என்று ஒரு சொல் உண்டு. வாய்ப்பு, சந்தர்ப்பம் என்று பொருள். ஒருவர் ஓட்டி முடித்த காரை இன்னொருவர் வாங்கினால் அதற்கும் ‘ஒக்காசியோன்’ கார் என்றுதான் பெயர். நாம் ‘செகண்ட் ஹேண்ட்’ என்கிறோம். இரண்டாவது கை. முதல் கை அந்த வண்டியை என்ன பாடு படுத்தியது என்று தெரிந்தால்தான் இரண்டாவது கைக்கு அது வாய்ப்பு. தெரியாவிட்டால் வம்பு. சாதாரணக் காருக்கே இப்படி என்றால், கல்லிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்றே செய்த ஜீப்புக்கு எப்படி இருக்கும்!

சென்ற ஆண்டு என் தங்கை மகன் பழைய ஜீப் ஒன்று வாங்கினான். அதற்காக அவனோடு இரண்டு மாதம் அலைந்தேன். 75 வயதில் உனக்கு ஏனய்யா இந்த வேலை என்று காலை நடையில் வரும் நண்பர்கள் கேலி செய்தார்கள். பிறகு அவர்களில் இரண்டு பேர், பேரப்பிள்ளைகளுக்கும் அதே ஆசை வந்திருக்கிறது, விவரம் எழுது என்றார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முதலில் நான் ஏன் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

என் தங்கை கணவர் 1991-ல் இறந்தார். சேலம் பக்கம் ஒரு மலைக்கோயிலுக்கு வேனில் போய்விட்டுத் திரும்பும்போது நடந்தது. டீசல் மிச்சமாகும் என்று ஓட்டுநர் இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டிருக்கிறார். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து மிதித்து ட்ரம் சூடேறிவிட்டது. கடைசியில் மிதித்தால் மிதி இறங்கியது, பிடி இல்லை. தங்கைக்கு அப்போது 31 வயது. பையனுக்கு ஏழு. ஆசிரியை வேலை பார்த்து அவனை வளர்த்து ஆளாக்கினாள்.

அந்தப் பையன்தான் 41 வயதில், மலைக்குப் போக ஜீப் வேண்டும் என்று நின்றான். கம்பெனி வேலை, வாரம் ஆறு நாள் கம்ப்யூட்டர். நண்பர்கள் நாலு பேர் மாதம் ஒரு முறை கல்வராயன் மலை, ஜவ்வாது மலை என்று போகிறார்கள். அவனுடைய சேமிப்பு நாலு லட்சம். மேலே குறைவதை அம்மா தன் ஓய்வூதியப் பணத்திலிருந்து தர வேண்டும்.

தங்கை என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்:

“வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல அண்ணா. அவனுக்குன்னு அவன் எதுவும் கேட்டதில்ல. நீங்க கூடப் போங்க. வண்டி மலை ஏறுமா ஏறுமான்னு அவன் பார்ப்பான். எறங்குமான்னு நீங்க பாருங்க.”

வண்டி பார்க்க எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் ஓட்டுநரும் அல்ல, மெக்கானிக்கும் அல்ல. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது பதினோரு ஆண்டு வண்டிகள் பிரிவைப் பார்த்தேன். ஒவ்வொரு ஜீப்புக்கும் ஒரு லாக் புக். எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர் டீசல், எப்போது கிளட்ச் மாற்றியது, எப்போது பட்டை உடைந்தது, எல்லாம் அதில் இருக்கும். கடைசியில் வண்டியைக் கழித்துக்கட்ட வேண்டும் என்று கோப்பு எழுதுவதும் நான்தான். ஆகவே வண்டியைப் பார்ப்பதற்கு முன் அதன் காகிதத்தைப் பார்ப்பேன். காகிதம் ஒன்று சொல்லி இரும்பு வேறு சொன்னால் எங்கே விரல் வைப்பது என்பது எனக்குத் தெரியும். இரும்பைப் பார்க்க, எனக்கு நாற்பது வருஷப் பழக்கமான ஒரு மெக்கானிக் பாயைக் கூட்டிக்கொண்டோம். அவரும் எழுபதைத் தொட்டவர். பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டு சும்மா இருந்தவர், ஜீப் என்றதும் எழுந்து வந்துவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். நாலு சக்கரத்துக்கும் எஞ்சினின் விசை போகும் வண்டியைத்தான் ஃபோர் வீல் டிரைவ் என்கிறார்கள். பிரெஞ்சில் ‘கத்ர்-கத்ர்’, நாலுக்கு நாலு. நம் சாதாரணக் கார்களில் இரண்டு சக்கரத்துக்குத்தான் விசை. ஒன்று சேற்றில் சுழன்றால் வண்டி நின்றுவிடும். ஜீப்பில் பெரிய கியருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லீவர் இருக்கும், சில வண்டிகளில் இரண்டு. அதைப் போட்டால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். இன்னும் ஒரு படி தள்ளினால் ‘லோ’ என்ற கீழ்க்கியர். வேகம் பாதிக்கும் கீழே போய்விடும், இழுவை அந்த அளவுக்குக் கூடும்.

இந்த லோ கியரை எல்லோரும் ஏறுவதற்கு என்று நினைக்கிறார்கள். சில வருஷத்துக்கு முன் ஓய்வூதியர் நண்பர்களோடு கொழுக்குமலை போனேன். தேனி மாவட்டத்து மலைதான், ஆனால் வண்டி போவது கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. பாதை என்று சொல்ல முடியாது, கற்குவியல். ஜீப்பைத் தவிர வேறு எதுவும் போகாது. திரும்பி இறங்கும்போது நான் ஓட்டுநரின் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். கீழ்க்கியரில் வண்டி உறுமிக்கொண்டு ஆள் நடக்கிற வேகத்தில் இறங்குகிறது. அவர் கால் பிரேக்கின் மேல் பெரும்பாலும் இல்லவே இல்லை. கேட்டேன். “பிரேக்கு கடைசிக்குத்தான் சார். எஞ்சின்தான் பிடிச்சுட்டு வரணும்” என்றார். எஞ்சின் பிடிப்பது என்பதைப் பிரெஞ்சில் ‘ஃப்ரேன் மொத்தேர்’ என்பார்கள், எஞ்சின் பிரேக். தங்கை கணவர் போன வேனில் இல்லாமல் போனது அதுதான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஆகவே பழைய ஜீப் வாங்கும்போது முதல் கேள்வி, நாலு சக்கரமும் இழுக்கிறதா என்பது. அதைவிடப் பெரிய கேள்வி, லோ கியரில் போட்டு இறக்கத்தில் விட்டால் எஞ்சின் பிடித்து நிறுத்துகிறதா என்பது. இது இரண்டும் சரியில்லாமல் மற்றது எல்லாம் பளபளவென்று இருந்து பயனில்லை.

முதல் வண்டியை விழுப்புரம் சாலையில் ஒரு பழைய வண்டிக் கடையில் பார்த்தோம். பார்த்ததுமே பையன் முகம் மலர்ந்துவிட்டது. மொத்த மொத்தமான டயர், முன்னால் விளக்கு வரிசை, பக்கவாட்டில் மண்வெட்டி கோடாரி எல்லாம் மாட்டி, யுத்தத்துக்குப் புறப்பட்டது போல இருந்தது. பஞ்சாபில் செய்து வந்தது என்றார் கடைக்காரர். வடக்கே பல ஊர்களில் பழைய ஜீப்புகளைப் பிரித்துச் சேர்த்து இப்படிப் புதுசாகக் கட்டிக்கொடுப்பது பெரிய தொழில்.

நான் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டேன். பிரெஞ்சில் இதற்குக் ‘கார்த் கிரீஸ்’ என்று பெயர், சாம்பல் அட்டை. எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டையும் இரும்பில் தேடிப் படிக்க வேண்டும். கண் தெரியாவிட்டால் ஒரு தாளை எண்ணின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தாளில் எழும்பும். பதிவு அலுவலகங்களில் செய்வதும் அதுதான். சேசிஸ் எண் சரியாக இருந்தது. எஞ்சின் எண் வேறு. ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருக்கிறது, வண்டி டீசலில் ஓடுகிறது. “அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்” என்றார் கடைக்காரர். அந்தப் பார்த்துக்கலாம் என்ற சொல்லை நான் 36 வருஷம் கேட்டவன். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரன் முதலில் கேட்பதும் இதைத்தான்.

இதற்குள் பாய் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம்.

“சார், முன்னாடி புரொப்பல்லர் ஷாஃப்டே இல்ல. லீவர் மட்டும் இருக்குது.”

சிலர் டீசல் குறையும் என்று முன் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் தண்டைக் கழற்றி வைத்துவிடுவார்கள். பிறகு அது எங்கோ போய்விடும். வண்டி மட்டும் ஃபோர் வீல் என்ற பெயரோடு கைமாறிக்கொண்டிருக்கும். பெரிய டயரும் அழகுதான். ஆனால் டயர் பெரிசானால் எஞ்சின் பிடிப்பும் குறையும், பிரேக்குக்கும் வேலை கூடும். பையன் ஒன்றும் பேசாமல் வந்து காரில் ஏறினான். அந்த வண்டியின் படத்தைப் பத்து நாள் போனில் வைத்திருந்தான் என்று அவன் மனைவி பிறகு சொன்னாள்.

இரண்டாவது, கடலூர் முதுநகரில் ஒரு ஜிப்சி. மாருதி நிறுவனம் 1985-ல் கொண்டுவந்த வண்டி. 2019-ல் பொதுமக்களுக்கான விற்பனையை நிறுத்தினார்கள். பெட்ரோல் எஞ்சின், எடை ஏறக்குறைய ஒரு டன்தான். லேசான வண்டி என்பதால் சேற்றிலும் மணலிலும் புதையாமல் போகும். இராணுவமும் போலீஸும் பல வருஷம் ஓட்டியதால் உதிரிபாகத்துக்கும் பெரிய கஷ்டம் இல்லை. உரிமையாளர் நல்ல மனிதர். ஒரே கை, காகிதம் எல்லாம் ஒழுங்கு, எஞ்சின் முதல் சுழற்சியிலேயே பிடித்தது. பாய் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இல்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் அடிக்கச் சொன்னார். முன் அச்சில் டிக் டிக் சத்தம் இல்லை. டிஃபரன்ஷியலின் போல்ட்டைக் கழற்றிக் கொஞ்சம் ஆயில் எடுத்தார். பால் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். ஆயில் தெளிவாக இருந்தது. எனக்கே ஆசை வந்துவிட்டது.

பிறகு பாய் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் போனார். சேசிஸ் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போகிறார். டங், டங், டங் என்று வந்த சத்தம் பின்பக்கம் பட்டை மாட்டுகிற இடத்தில் தொப் என்றது. மறுபடி தட்டினார், மறுபடியும் தொப். அடியில் கறுப்புப் பெயின்ட் புதிதாக அடித்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினார், உள்ளே போய்விட்டது. கடலோரத்து உப்புக் காற்று தின்றிருக்கிறது. உரிமையாளருக்கே தெரியாது. பெயின்ட் அடித்தவனுக்குத் தெரிந்திருக்கும். நம் ஊரிலும் இதுதான் கதை. கடலோரத்தில் நின்ற வண்டி என்றால் மேலே மினுக்குவதைப் பார்க்காதீர்கள், அடியில் போய்ப் பாருங்கள். சமதரையில் அந்த ஜிப்சி இன்னும் சில வருஷம் ஓடும். மலையில் பாரம் ஒரு பக்கமாகச் சாயும்போது பட்டை சட்டத்தோடு பிய்த்துக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்று பாய் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

“புதுசா ஒரு தார் எடுத்துடலாமா மாமா?” என்றான் பையன் வழியில். அதற்கு இன்னும் எத்தனையோ லட்சம் வேண்டும். பழைய தார் கிடைக்கும். 2010-ல் வந்த முதல் தலைமுறை, 2020-ல் வந்த இரண்டாம் தலைமுறை. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். தாரில் பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வகையும் வந்திருக்கிறது. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பெயரைப் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவோம். உள்ளே அந்த இரண்டாவது லீவர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது வண்டி பாய் மூலமாக வந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு விவசாயி. மலைமேல் நிலம் இருக்கிறது, மரவள்ளிக்கிழங்கு ஏற்றி இறக்குவதற்கு வைத்திருந்த எம்.எம். 540 ஜீப். அவருக்கு முழங்கால் போய்விட்டது, பையன்கள் வெளிநாட்டில். வண்டி பார்க்க ஒன்றுமில்லை. பச்சைப் பெயின்ட் வெளுத்து, தார்ப்பாய் கிழிந்து, ஓரத்தில் இரண்டு மூன்று அடி. எங்கள் பையன் இறங்கவே யோசித்தான்.

எனக்குப் பிடித்த விஷயம் இரண்டு. ஒன்று, அதன் எஞ்சின் பிறப்பால் பிரெஞ்சு! மகிந்திரா நிறுவனம் 1979-ல் பிரான்ஸின் பெஜோ நிறுவனத்திடம் உரிமம் வாங்கிச் செய்த டீசல் எஞ்சின். எக்ஸ்.டி.பி. 4.90 என்று பெயர். நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் குறுக்களவு, மொத்தம் 2,112 சி.சி. பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு நானும் அதே போலத் தமிழ்க் கிராமத்தில் வந்து நிற்கிறேன் என்று சொன்னேன். பையனுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது விஷயம்தான் முக்கியம். அந்தப் பெரியவர் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். எந்தத் தேதியில் ஆயில் மாற்றியது, எப்போது கிளட்ச் தட்டு, எப்போது ரேடியேட்டர் அடைப்பு எடுத்தது, என்ன செலவு, எல்லாம் பென்சிலில். ஏழாவது வரை படித்தவராம். எங்கள் அலுவலகத்தில் எனக்குக் கீழே இருந்த யாரும் அத்தனை சுத்தமாக லாக் புக் எழுதியதில்லை.

எண்கள் சரியாக இருந்தன. சேசிஸைத் தட்டினால் கடைசி வரை டங். காலையில் குளிர்ந்த எஞ்சின் இரண்டு நொடியில் பிடித்தது. சூடான எஞ்சினை ஓட்டிக்காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், பழைய எஞ்சினின் உடம்பு குளிரில்தான் தெரியும். முதலில் கொஞ்சம் புகை, பிறகு இல்லை. நீலப் புகை நின்றால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியைத் திறந்து கை வைத்தால் காற்று முட்டித் தள்ளக் கூடாது. அதுவும் சரி. கிராமத்துக்கு வெளியே ஏரிக்கரை ஒன்று இருந்தது. உள்பக்கம் செங்குத்தான மண் சரிவு. அதில் ஏற்றினார்கள், ஆடு மாதிரி ஏறியது.

“மாமா, இதுதான்!” என்றான் பையன்.

“இறக்கு” என்றேன்.

லோ கியரில் முதல் கியர் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுக்கச் சொன்னேன். லீவரை யாரும் பிடிக்கக் கூடாது. பாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வண்டி உறுமிக்கொண்டு நாலு அடி இறங்கியது. டக்கென்று ஒரு சத்தம். சின்ன லீவர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிட்டது. எஞ்சினின் உறுமல் நின்றது, வண்டி உருண்டது. பாய் கத்தினார், பையன் பிரேக்கை மிதித்தான், கரை முடியும் இடத்தில் நின்றது. கரை மொத்தமே ஒரு மாடி வீட்டு உயரம்தான். ஆனாலும் கீழே நின்றுகொண்டிருந்த எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. பையன் இறங்கி வந்தான், முகம் வெளுத்திருந்தது. அவனுக்கு என்ன நினைவு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

பழைய ஜீப்பில் மிகவும் சகஜமாக வருகிற நோய் இது. ஏறும்போது தெரியாது. இறங்கும்போது சக்கரம் எஞ்சினைத் தள்ளும், பற்களின் மேல் அழுத்தம் மறுபக்கம் திரும்பும், தேய்ந்த கியர் அப்போதுதான் துள்ளும். சமதரையில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தாலும் இது வெளியே வராது. பெரியவர் ஒளிக்கவில்லை. “ஆமாங்க, ரெண்டு வருஷமா துள்ளுது. நான் முட்டியால அமுக்கிப் பிடிச்சுக்குவேன்” என்றார். முழங்கால் ஏன் போயிற்று என்று அப்போது புரிந்தது.

நான் எழுதிக் கொடுத்த நிபந்தனை இதுதான். விலை பேசியாகிவிட்டது, முன்பணம் பத்தாயிரம். பாய் கியர் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பார். பாகம் கிடைத்துச் சரியானால் செலவு விலையில் கழியும். சரியாகாவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும். பெரியவர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பாய் இரண்டு நாள் அங்கேயே தங்கினார். கியரைத் தள்ளுகிற ஃபோர்க் தேய்ந்திருந்தது. லீவரை இடத்தில் நிறுத்துகிற சின்னக் குண்டின் ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தது. பேரிங்குகள் இரண்டு. எல்லாம் சேர்த்துச் செலவு 14,000 ரூபாய். மூன்றாம் நாள் மறுபடி அதே ஏரிக்கரை. இருபது முறை இறக்கச் சொன்னேன், எண்ணிக்கொண்டு நின்றேன். பத்தாவது முறை “போதும் மாமா” என்றான். பாய்தான் “இருபது” என்றார். ஒரு முறையும் துள்ளவில்லை.

பிறகு காகிதம். தனியார் வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அதற்குப் பிறகு தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். இந்த வண்டிக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. தமிழ்நாட்டுப் பதிவைப் புதுச்சேரிக்குக் கொண்டுவரப் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வண்டி மேல் கடன் இருந்து தீர்ந்திருந்தால் படிவம் 35. இன்சூரன்ஸையும் உடனே பெயர் மாற்ற வேண்டும். பணத்தைக் கொடுத்துவிட்டு ஆர்.சி. பழைய பெயரிலேயே ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். நாளைக்கு ஒரு விபத்து என்றால் அந்த முழங்கால் போன பெரியவர்தான் நீதிமன்றப் படி ஏற வேண்டும். வாங்குகிறவன் யோசிக்க வேண்டாமா?

தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன், லீவர் துள்ளியதையும் சேர்த்து. ஒளிக்கக் கூடாது என்று பையனிடமும் சொல்லியிருந்தேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு உள்ளே போய்ச் செக் புத்தகத்தை எடுத்துவந்தாள். பேத்தியைப் பின் சீட்டில் உட்கார வைக்கக் கூடாது என்று ஒரே ஒரு கட்டளை போட்டாள். நியாயம்தான். அந்தக் காலத்து ஜீப்பில் பின்னால் இருப்பது பக்கவாட்டுப் பலகை, பெல்ட் கிடையாது. குழந்தை வருகிற பயணத்துக்கு வீட்டுக் காரிலேயே போவது என்று முடிவானது.

இந்த ஜீப்பில் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். நெடுஞ்சாலையில் 70-க்கு மேல் போனால் வண்டியே வேண்டாம் என்று கதறும். ஸ்டியரிங் கனம். மழையில் நாலு பக்கமும் சாரல். ட்ரம் பிரேக் தண்ணீரில் நனைந்தால் காயும்வரை பிடி குறையும், ஓடை தாண்டியதும் மெதுவாக மிதித்து மிதித்துக் காய வைக்க வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் நாலு சக்கரத்தையும் சேர்த்து ஓட்டக் கூடாது, வளையும்போது உள்ளே பற்கள் முறுக்கிக்கொள்ளும். இதெல்லாம் தெரிந்தவன் கையில் அது நல்ல வண்டி.

இப்போது மாதம் ஒரு முறை போகிறார்கள். காப்புக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது, ஊர்க்காரர்கள் ஓட்டுகிற மண்பாதையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஜீப் இருக்கிறதே என்று நம் கடற்கரை மணலில் இறக்குகிற வேலையும் கூடாது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் வந்து முட்டையிடுகிற மணல் அது.

வாங்க நினைக்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்களைப் பென்சிலால் தேய்த்துப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினை உங்கள் முன்னால் போடச் சொல்லுங்கள். அடியில் சுத்தியலோடு ஒருவரை அனுப்புங்கள். முன் சக்கரத்துக்குத் தண்டு போகிறதா என்று கண்ணால் பாருங்கள். நாலு டயரும் ஒரே அளவாக இருக்கட்டும். கடைசியாக ஒரு சரிவு தேடி, லோ கியரில் காலை எடுத்து இறக்கச் சொல்லுங்கள், இருபது முறை. விற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பையனுக்கு ஒரு நீள நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தேதி, கிலோமீட்டர், டீசல், வேலை என்று நாலு கோடு போட்டு. முதல் பக்கத்தில் பெரியவரின் பென்சில் கணக்கைப் பேனாவில் எடுத்து எழுதினேன். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்ததும் எழுதிவிட்டு அம்மாவிடம் காட்டுகிறான். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறாள், அதிகாரி மாதிரி.